குதிருக்குள் யார் இருந்தார்கள்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் குதிரைப் பற்றிப் பேசப் போகிறோம். நாலு கால் குதிரை அல்ல. நெல் கொட்டி வைக்கிற குதிர். மண்ணைக் குழைத்து, உறை உறையாக அடுக்கி, பண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அந்தக் குதிர். விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு அதைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவன் வீட்டுக் குதிரை நிரப்பி நிரப்பியே முதுகு வளைந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் ஏராளமாக இருக்கிறீர்கள்.

அந்தக் குதிரை இருபதாள் உயரத்துக்குக் கான்க்ரீட்டில் எழுப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, கால் மைல் நீளத்துக்கு வரிசையாக நிறுத்தினால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் பஃபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த ஊர் ஆற்றங்கரையில் அப்படிப்பட்ட குதிர்கள் நிற்கின்றன. குதிருக்கு அங்கே சைலோ என்று பெயர். தானியத்தை மேலே தூக்கிக் கொட்டும் யந்திரமும் குதிர்களும் சேர்ந்த முழுக் கட்டடத்தை எலிவேட்டர் என்பார்கள். அவற்றில் பல இன்று காலி. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மணி கோதுமைகூட விழாத குதிர்களும் அவற்றில் உண்டு.

காலிக் குதிரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைத் தேடிக்கொண்டு ஆட்கள் போகிறார்களே, அதுதான் விஷயம்!

வழியில்லாத இடத்தில் ரயில் பாதை ஓரமாகப் புதருக்குள் நுழைந்து போகிறார்கள். ஆற்றில் சிறு படகு விட்டுப் போகிறார்கள். தோளில் காமிரா, கையில் டார்ச் விளக்கு. ஆலை, சுரங்கம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று எது பாழடைந்து கிடந்தாலும் உள்ளே புகுந்து பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட வாலிபர்கள் மேல்நாடுகளில் நிறையப் பேர் உண்டு. 'அர்பன் எக்ஸ்ப்ளோரர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். கனடாவின் டொரன்டோ நகரில் ஜெஃப் சாப்மன் என்பவர் 1996இல் இதற்கென்றே ஒரு சிறு பத்திரிகை தொடங்கி நடத்தினார். பிறகு இணையம் பரவியது. படங்கள் உலகமெல்லாம் போயின. இவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் உண்டு. எதையும் உடைக்கக் கூடாது, எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. படம் மட்டும் எடுக்கலாம்.

இவர்களைக் கேலி செய்ய நாம் வரவில்லை. பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் நியாயமல்ல. பூட்டிய கதவைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது நல்ல குணம். கேட்டுக்கு உள்ளே நடப்பது வெளியே தெரியக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அந்தக் கேட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவனிடம் நமக்கென்ன கோபம்?

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? குதிரின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நூறடிக்கு மேல் இருட்டு. உச்சியில் காசளவு வெளிச்சம். ஒரு தரம் கையைத் தட்டினால் அந்தச் சத்தம் சுவரைச் சுற்றிச் சுற்றி மேலேறி, பல விநாடி கழித்தே அடங்கும். மான்ட்ரியால் நகரத்தில் ஐந்தாம் எண் சைலோ என்று ஒன்று காலியாகக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில் சில கலைஞர்கள் அதற்குள் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்தார்கள். தொலைபேசியில் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால், அது குதிருக்குள் போய் எதிரொலித்து உங்கள் காதுக்கே திரும்பி வரும்!

பஃபலோவின் எலிவேட்டர்களில் மிக நீளமானதன் பெயர் கான்க்ரீட் சென்ட்ரல். 1915 முதல் 1917 வரை கட்டப்பட்டது. அதுதான் நாம் சொன்ன கால் மைல் நீளக் கட்டடம். அதில் 45 லட்சம் புஷல் தானியம் கொள்ளும். ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ. நம் நூறு கிலோ மூட்டைக் கணக்கில் பன்னிரண்டு லட்சம் மூட்டை, ஒரே கட்டடத்தில்! 1966இல் அதை மூடினார்கள். இன்று சுற்றிலும் காடு, உள்ளே புறாக்கள். நடுவில் இவ்வளவு பெரிய பொருள் ஆளற்று நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் ஒரு கணம் நின்றுதான் போகும்.

படம் பிடித்தவர்கள்

இந்தக் கட்டடங்களைப் பார்த்து மயங்கியவர்களில் இன்றைய வாலிபர்கள் முதல்வர்கள் அல்ல. 1913இல் வால்ட்டர் க்ரோப்பியஸ் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஓர் ஆண்டு மலரில் அமெரிக்க எலிவேட்டர்களின் படங்களை வெளியிட்டு, பழைய எகிப்து தேசத்துக் கட்டடங்களோடு அவற்றை ஒப்பிட்டார். லெ கார்பூசியே தெரியுமல்லவா, நம் சண்டிகர் நகரத்தை வடிவமைத்தவர்? அவர் 1923இல் வெளியிட்ட புத்தகத்தில் இவற்றை வானளாவப் புகழ்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் அமெரிக்க நாட்டில் கால் வைத்ததே 1935இல்தான்! படங்களைப் பார்த்தே எழுதினார். போதாததற்கு, பியூனஸ் அயர்ஸ் நகரத்து எலிவேட்டர் ஒன்றின் படத்தில் தமக்குப் பிடிக்காத முகப்பை அழித்துவிட்டு அச்சிட்டார். எரிக் மெண்டல்சன் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1924இல் பஃபலோவுக்கு நேரிலேயே வந்தார். பித்துப் பிடித்தவர் போலப் படம் எடுத்துத் தள்ளியதாக அவரே எழுதியிருக்கிறார். 1970களின் பிற்பகுதியில் பஃபலோவில் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் ரெய்னர் பேனம், பாழாய்க் கிடந்த கான்க்ரீட் சென்ட்ரலைத் தேடிப் போய்ப் பார்த்தார். இந்தக் கட்டடங்களைப் பற்றி 1986இல் ஒரு புத்தகம் எழுதினார்.

இவர்களெல்லாம் பெரிய அறிவாளிகள். சொன்னது பொய்யுமல்ல. வேண்டாத அலங்காரம் ஒன்றுமில்லாமல், செய்கிற வேலைக்கேற்ற உருவத்தோடு நிற்கிற பொருளுக்கு ஓர் அழகு உண்டு. நம் கலப்பைக்கு இருக்கிறது, தறிக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். குதிர் இருக்கிறது, வானம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. உழைக்கிற ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைய வாலிபர்கள் எடுக்கும் படங்களிலும் இதே கதைதான்.

கடன்காரன் வந்து வாசலில் நின்றபோது, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்றானாம் ஒரு பிள்ளை. குதிரைப் பற்றி யாரடா கேட்டார்கள்? அப்பன் இருந்ததே குதிருக்குள்தான்! இந்தப் படங்களைப் பார்க்கும்போது நமக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வருகிறது. உள்ளே யாருமில்லை, யாருமில்லை என்று காட்டுகிறார்களே, இருந்தவர்கள் யார்?

முதுகும் யந்திரமும்

1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. 363 மைல் நீளம். மேற்கே விளைந்த கோதுமை ஏரிகள் வழியாகக் கப்பலில் பஃபலோ வரும். அதற்கப்பால் நயாகரா நீர்வீழ்ச்சி. கப்பல் போக முடியாது. ஆகவே அங்கே இறக்கி, கால்வாய்ப் படகில் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்ப வேண்டும். யார் இறக்கினார்கள்? பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எதில் இறக்கினார்கள்? முதுகில்! மழை பெய்தால் வேலை நின்றது. ஒரு கப்பலைக் காலி செய்ய நாட்கணக்கில் ஆயிற்று.

1842இல் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி, ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரைக் கொண்டு நீராவியால் ஓடும் எலிவேட்டர் ஒன்றைக் கட்டினார். ஆலைத் தோழர்களுக்குப் பெல்ட் தெரியும். அந்தப் பெல்ட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வாளிகளைப் பொருத்தி, ஒரு முனையைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கிச் சுழல விட்டால், வாளிகள் தானியத்தை மொண்டு மொண்டு உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். மாவு மில்களுக்குள் ஆலிவர் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1780களிலேயே செய்து காட்டிய ஏற்பாடுதான். டார்ட் அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார். மணிக்கு ஆயிரம் புஷல் இறங்கிற்று. கட்டத் தொடங்கியபோது இன்னொரு வியாபாரி அவரிடம், ஐரிஷ்காரனுடைய முதுகைவிட மலிவான எலிவேட்டர் உலகத்தில் கிடையாது, இந்த வேலை வேண்டாம் என்று புத்தி சொன்னாராம். டார்ட்டே பிற்காலத்தில் இதைக் கூறியிருக்கிறார். யந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு வியாபாரிகளுக்கும் கருத்து வேற்றுமை. மனிதனின் முதுகுக்கு ஒரு விலை போட்டு, அதையும் யந்திரத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில் வேற்றுமை இல்லை!

சரி, யந்திரம் வந்துவிட்டது. முதுகு தப்பியதா? இல்லை. வாளி எட்டாத மூலை முடுக்குகளில் தானியம் தங்கிவிடும். அதை வாளிக்குப் பக்கமாகத் தள்ளிக் கொடுக்க ஆள் வேண்டும். கப்பலின் அடித்தட்டில், தூசு மண்டிய காற்றில், கயிற்றால் இழுபடும் பெரிய மண்வாரிகளைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி வேலை செய்தார்கள். ஸ்கூப்பர் என்று இவர்களுக்குப் பெயர். 'முதல் வார்டு' என்ற ஆற்றங்கரைச் சேரியில் வாழ்ந்த ஐரிஷ் குடும்பங்களில் அப்பனும் மகனும் பேரனும் இதே வேலை செய்தார்கள்.

இந்த ஸ்கூப்பர்களுக்குக் கூலி எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? சாராயக் கடையில்!

நம் ஊரில் கங்காணி முறை இருந்ததே, அதற்கு அண்ணன் முறை இது. கப்பல் முதலாளிகளிடம் கான்ட்ராக்ட் எடுத்தவர் வில்லியம் கானர்ஸ் என்பவர். ஒரு காலத்தில் தாமும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு சாராயக் கடை வைத்து, கான்ட்ராக்டராகி, பத்திரிகை முதலாளியும் ஆனார். மேஸ்திரிகளும் சாராயக் கடைக்காரர்கள். வேலை வேண்டுமென்றால் அந்தக் கடைக்குப் போய் நிற்க வேண்டும். சும்மா நின்றால் போதாது, குடிக்க வேண்டும். அதிகமாகக் குடிக்கிறவனுக்கு அதிக நாள் வேலை! வாரக் கடைசியில் குடித்த கணக்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். மிச்சம் இருந்தால்தானே கொடுப்பதற்கு? வீட்டில் காத்துக்கொண்டிருக்கும் தாயையும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

1899 மே மாதம் ஸ்கூப்பர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறங்கிவிட்டார்கள். துறைமுகத்தின் மற்றச் சரக்குத் தொழிலாளர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். கப்பல்கள் வயிறு நிறையத் தானியத்தோடு ஆற்றில் நின்றன. ஊரின் கத்தோலிக்க மேற்றிராணியார் ஜேம்ஸ் க்விக்லி தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் முதலாளிகள் பணிந்தார்கள். சாராயக் கடையில் கூலி கொடுப்பது ஒழிந்தது. கூலி இனி ஆபீசில், கையில் காசாக! கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். சனிக்கிழமை சாயங்காலம் முழுக் கூலியோடு வீட்டு வாசல்படி ஏறியவனுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

இது குதிருக்குள் தானியம் போட்டவர்கள் கதை. குதிரை எழுப்பியவர்கள் கதை வேறு. முதலில் மரத்தில் கட்டினார்கள், அடிக்கடி எரிந்தது. 1899இல் மினியாபொலிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஃப்ராங்க் பீவி என்ற தானிய வியாபாரியும் சார்லஸ் ஹாக்லின் என்ற கட்டட கான்ட்ராக்டரும் கான்க்ரீட்டில் ஒரே ஒரு குதிர் கட்டிப் பார்த்தார்கள். தானியத்தைத் திறந்துவிட்டால் வெடித்து விழும் என்று ஊரே சிரித்தது. அது விழவில்லை, இன்றும் நிற்கிறது. கட்டட வேலை தெரிந்த தோழர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். சென்ட்ரிங் பலகையைப் பிரித்துப் பிரித்து மாட்டுவதில்லை. வளையமாக ஓர் அச்சு. அதில் கான்க்ரீட் போடுவார்கள். கீழே இறுகி வர வர, ஜாக்கியைத் திருகி அச்சை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றுவார்கள். நடுவில் நிறுத்தினால் சுவரில் இணைப்பு விழும். ஆகவே இரவு பகல் ஓயாமல், ஷிப்ட் மாறி மாறி, விளக்கு வெளிச்சத்தில், நூறடிக்கு மேல் அந்தரத்தில் நின்று வேலை செய்தார்கள். குதிரின் சுவரில் ஒரு கீறலும் இல்லாத வழவழப்பைக் கண்டு கலைஞர்கள் வியந்தார்கள். தூங்காத கண்கள் தந்த வழவழப்பு அது.

இன்னொன்றும் உண்டு. நம் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசு போல அங்கே தானியத் தூசு. காற்றில் மிதக்கும் அந்தத் தூசில் ஒரு பொறி விழுந்தால் வெடிமருந்துதான். 1878இல் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு மில் வெடித்து 18 தொழிலாளிகள் மாண்டார்கள். நூறு வருஷம் கழித்துப் பாடம் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? 1977 டிசம்பர் 22ஆம் தேதி லூயிஸியானா மாநிலத்து வெஸ்ட்வீகோவில் ஓர் எலிவேட்டர் வெடித்து 36 பேர் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் டெக்ஸாஸ் மாநிலத்து கால்வெஸ்டனில் மற்றொன்று. அந்த ஒரே மாதத்தில் இப்படி 59 உயிர்கள் போயின. தூசை முறையாகப் பெருக்கி அகற்ற வேண்டும் என்ற பாதுகாப்பு விதி வந்தது 1987இல். இடையில் பத்து வருஷம்!

குதிர் ஏன் காலியாயிற்று?

விளைச்சல் இல்லாமல் காலியாயிற்றா? சுவர் விரிந்து காலியாயிற்றா? இரண்டுமில்லை.

1959இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து செயின்ட் லாரன்ஸ் கடல்வழியைத் திறந்தன. நயாகராவைச் சுற்றிக்கொண்டு போகும் வெல்லண்ட் கால்வாய் முன்பே இருந்தது. இப்போது பெரிய கப்பல் ஏரியிலிருந்து நேராகச் சமுத்திரத்துக்கே போகலாம். பஃபலோவில் இறக்கி ஏற்ற வேண்டிய அவசியமில்லை. கால்வாய் வெட்டியது தப்பு என்று நாம் சொல்லமாட்டோம். சுற்று வழி இருக்கிற இடத்தில் நேர் வழி போடுவது மனித முன்னேற்றம். ஆனால் அந்த நேர் வழியால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள், ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக மண்வாரி பிடித்தவன் நாளைக்கு என்ன செய்வான் என்று கணக்குப் போட்டார்களா? ஒன்றன்பின் ஒன்றாக எலிவேட்டர்கள் மூடப்பட்டன. பிறகு எஃகு ஆலையும் போயிற்று. 1950இல் 5,80,132 பேர் வாழ்ந்த நகரம் 2010இல் 2,61,310 பேராகச் சுருங்கிற்று. 2020 கணக்கில் கொஞ்சம் ஏறி 2,78,349. காலியானவை குதிர்கள் மட்டுமல்ல. வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களும்தான்.

அமெரிக்காவில் தானியம் குறைந்துவிடவில்லை என்பதற்கு வயதான தோழர்களே சாட்சி. 1954இல் அவர்கள் போட்ட பி.எல். 480 சட்டத்தின் கீழ், உபரிக் கோதுமையும் மைலோச் சோளமும் இந்தியாவுக்கு வந்தன. 1966இல், இங்கே மழை பொய்த்துப் பஞ்சம் வாட்டிய ஆண்டில், நம் நாடு இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன், பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. ரேஷன் கடையில் வரிசையில் நின்று அந்தக் கோதுமையை வாங்கி, கஞ்சியாக்குவதா களியாக்குவதா என்று தெரியாமல் நம் தாய்மார்கள் விழித்த ஆண்டு அது. அதே 1966இல்தான் பன்னிரண்டு லட்சம் மூட்டை கொள்ளும் கான்க்ரீட் சென்ட்ரல் பூட்டப்பட்டது! தானியம் வேறு வழியாக, வேறு துறைமுகங்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. குதிர் காலியானதற்கும் வயிறு நிறைந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

மூடிய ஆலை நமக்கும் புதிதல்ல. பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடப்பட்ட பிறகு அங்கே சினிமாப் படப்பிடிப்பு நடந்ததை அறிவீர்கள். கதாநாயகன் குதித்துச் சண்டை போட்ட இடம் எந்த டிபார்ட்மெண்ட் என்று அங்கே வேலை பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

ஏறிப் பார்க்கிற வாலிபர்களுக்கு

இப்படிப்பட்ட இடங்களுக்குள் புகுகிற வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே மூடிக் கிடக்கிற ஆலைகளிலும் கிடங்குகளிலும் கைபேசியோடு ஏறுகிற நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

குதிர் வரிசையின் உச்சித் தளத்தில், தானியம் கொட்டுவதற்காக ஆள் நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். வேலை நடந்த காலத்தில் மூடியும் கம்பிச் சல்லடையும் போட்டிருந்திருப்பார்கள். இன்று மூடி இருக்கலாம், துருப்பிடித்துப் போயிருக்கலாம், பழைய இரும்புக்காக யாராவது தூக்கிக்கொண்டும் போயிருக்கலாம். இருட்டில் கால் வைத்தால் நேரே நூறடிக்கு மேல் கீழே! சுவரோ வழவழ, பிடிக்க ஒன்றுமில்லை. கத்தினால் கத்தினவன் குரலே அவனுக்குத் திரும்பி வரும். இரும்புப் படிகள் பார்வைக்கு உறுதியாக இருக்கும், திருகாணி செத்திருக்கும். புறா எச்சம் காய்ந்து தூளாகிக் கிடக்கும் இடத்தில் ஒரு வகைப் பூஞ்சை வளர்கிறது; அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். அடியில் பழைய தானியம் அழுகிக் கிடந்தால் அங்கே காற்றும் கெட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் எலிவேட்டரென்றால் இன்னும் மோசம். கீழே திறந்துவிட்ட தானியத்தின் மேல் நின்றவன் சில விநாடிகளில் இடுப்பளவு புதைந்துவிடுவான். பிறகு நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வரமாட்டான்.

அங்கே வேலை செய்தவர்களுக்கு எந்தத் துளை எங்கே என்று தெரியும். தனியாக இறங்கக் கூடாது என்பதும் தெரியும். அந்த அறிவு கட்டடத்தில் இல்லை, ஆட்களிடம் இருந்தது. ஆட்களை வெளியே அனுப்பியபோது அதுவும் வெளியே போய்விட்டது. ஆகவே போகிறவர்கள் முதலில் சுவரைப் பார்க்கப் போக வேண்டாம். அந்த ஊரில் உயிரோடிருக்கிற பழைய தொழிலாளியைப் பார்க்கப் போகட்டும். அவரோடு ஒரு பொழுது உட்கார்ந்து பேசட்டும். அனுமதியோடு, வழி தெரிந்தவரோடு ஏறட்டும். பஃபலோவிலேயே இப்போது டிக்கெட் போட்டு, வழிகாட்டியோடு மேலே அழைத்துப் போகிறார்கள். திருட்டுத்தனமாக ஏறுகிற சுவாரசியம் அதில் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்களாம். எலும்பு முறியாமல் இறங்கி வருகிற சுவாரசியம் இருக்கிறதே!

இப்போது அங்கே

இந்தக் கட்டடங்களை என்ன செய்வது என்று அந்த ஊரில் பெரிய வாதம். 1897இல் கட்டிய க்ரேட் நார்தர்ன் என்ற எலிவேட்டர், செங்கல் கூடத்துக்குள் எஃகுக் குதிர்களை நிறுத்திய அபூர்வமான கட்டடம். நயாகரா மின்சாரத்தில் ஓடியது. ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற மாபெரும் தானியக் கம்பெனியின் கையில் அது காலியாக நின்றது. 2021 டிசம்பரில் அடித்த புயலில் வடக்குச் சுவர் பிய்ந்தது. இடிப்பதற்கு நகர நிர்வாகம் உத்தரவு கொடுத்தது. காப்பாற்ற வேண்டுமென்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டுப் போராடினார்கள். முடியவில்லை. 2022இல் இடிக்கத் தொடங்கினார்கள். பிறகு முழுவதும் தரைமட்டம். சொந்தக்காரன் பழுது பார்க்காமல் விட்டால் சுவர் விழும். சுவர் விழுந்தால் அபாயம். அபாயம் என்றால் இடிக்க உத்தரவு. இந்த வழி நம் ஊர்க் கட்டட முதலாளிகளுக்கும் நன்றாகவே தெரியும்.

வேறு சில தப்பின. அமெரிக்கன், பெரோ, மரின் ஏ என்ற மூன்று எலிவேட்டர்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்துக்கு இன்று சைலோ சிட்டி என்று பெயர். குதிருக்குள் கவிதை வாசிக்கிறார்கள், சங்கீதம் நடத்துகிறார்கள். நல்லதுதான். புறாவுக்கு மட்டும் விடுவதைவிட ஜனங்கள் புழங்குவது மேல். ஆற்றில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் மற்றொரு வரிசைக் குதிர்கள். அவற்றை வளைத்து உல்லாச விடுதி ஆக்கியிருக்கிறார்கள். உருண்டையாக நெட்டையாக நிற்கும் ஆறு குதிர்களை நீல நிற பீர் டப்பாக்களாக மாற்றி, பீர் கம்பெனியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்! வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாராயக் கடையிலிருந்து தங்கள் கூலியை மீட்க 1899இல் ஆயிரம் பேர் வேலை நிறுத்தம் செய்தது இதே ஆற்றங்கரையில்தான்.

ஸ்கூப்பர்களின் சங்கம் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. தானாகவே சரக்கைக் கொட்டும் கப்பல்கள் வந்த பிறகு அவர்கள் வேலை சுருங்கிச் சுருங்கி, 2003 வாக்கில் கடைசி மண்வாரியும் கீழே வைக்கப்பட்டது. ஆனால் ஆறு முழுவதும் செத்துவிடவில்லை. ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் ஆலை அங்கே ஓடுகிறது. கப்பலில் தானியம் வந்து அதன் குதிர்களில் விழுகிறது. காலையில் காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், வறுபடும் ஓட்ஸ் வாசனை காலிக் குதிர்கள் வரையில் போகிறது.